சொல்லிவிட்டுப் போங்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வயிற்றுவலி தொடங்கும். இரவுச் சாப்பாடு இறங்காது. திங்கட்கிழமை காலையில் சீருடையைக் கையில் எடுத்ததும் குமட்டல், சில நாள் வாந்தி. பள்ளி வேன் தெருமுனையில் ஹார்ன் அடித்துவிட்டுக் கிளம்பிப்போன கால் மணி நேரத்தில் வலி போன இடம் தெரியாது. பிள்ளை இன்னும் இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிடும். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பூச்சி மருந்து எல்லாம் முடிந்திருக்கும்; எதிலும் ஒன்றும் பிடிபட்டிருக்காது. "நடிக்கிறான் டாக்டர்" என்பார் அப்பா. பள்ளி திறந்த முதல் வாரங்களில் குழந்தைநல மருத்துவர்கள் அலுக்க அலுக்கக் கேட்கிற வாக்கியம் அது.

அவன் நடிக்கவில்லை. ஆபத்து வருகிறது என்று மூளை முடிவு கட்டியதும் அட்ரினலின் சுரக்கிறது, ரத்தம் குடலை விட்டுக் கை கால் தசைகளுக்கு ஓடுகிறது, குடலின் அசைவு தாறுமாறாகிறது. பரீட்சை ஹாலுக்குள் நுழைவதற்கு முன் நமக்கெல்லாம் வயிற்றைக் கலக்கியதே, அதே கணக்குதான். வேன் போய்விட்டால் ஆபத்து நீங்கியதாக மூளை எடுத்துக்கொள்கிறது, வயிறும் அடங்கிவிடுகிறது. கணக்கு டீச்சருக்குப் பயப்படுகிறான் என்று நாம் நினைத்திருப்போம். பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல் கேட்டால் சில பிள்ளைகள் சொல்லும் பதில் தூக்கிவாரிப் போடும்: "நான் இல்லாதப்ப அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

பிரிவுப் பதற்றம் என்று இதற்குப் பெயர். ஆனால் அந்தப் பெயரைச் சூட்டுவதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துவிட வேண்டும். பள்ளியிலேயே காரணம் இருக்கலாம். அடிக்கிற ஆசிரியர், கேலி செய்கிற பையன்கள், எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத அவமானம், வெளியே சொல்ல முடியாத பாலியல் தொல்லை என்று எதுவாகவும் இருக்கலாம். பிரிவுப் பதற்றம் உள்ள பிள்ளை, அம்மா வகுப்பு வாசலில் உட்கார்ந்திருந்தால் பள்ளியில் ஓரளவு நிம்மதியாக இருக்கும். அம்மா இல்லாத வேறு எந்த இடத்துக்குப் போகவும் அஞ்சும். பள்ளியில் காரணம் உள்ள பிள்ளை, பாட்டி வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் துள்ளிக்கொண்டு போகும். பள்ளி என்றால் மட்டும் முகம் வெளிறும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் பிள்ளையின் பயத்தைப் பழக்கப்படுத்துகிறேன் என்று இறங்கினால் பெரிய தீங்கில் முடியும்.

பிரிவுக்குப் பதறுவது முதலில் ஒரு நோயே அல்ல. ஏழெட்டு மாதம் வரை எந்தக் கைக்கும் தாவிப் போன குழந்தை, ஒருநாள் சித்தப்பாவைப் பார்த்து உதடு பிதுக்கும். "ஆள் தெரிய ஆரம்பிச்சிருச்சு" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அவர்கள் சொல்வது மிகச் சரி. கண்ணில் படாவிட்டாலும் அம்மா என்றொருத்தி இருக்கிறாள் என்பது அப்போதுதான் குழந்தைக்குப் புரிகிறது. அவள் திரும்பி வருவாள் என்பது இன்னும் புரியவில்லை. இந்த இரண்டு அறிவுக்கும் நடுவில் இருக்கிற மாதங்கள்தான் அழுகைக் காலம். பத்தாம் மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை உச்சத்தில் இருந்து, மூன்று வயதை ஒட்டி மெல்லத் தணியும். நம்மூரில் அங்கன்வாடிக்கு இரண்டு வயதிலும் எல்.கே.ஜி.க்கு மூன்று வயதிலும் அனுப்புகிறோம். அதாவது, அலை முழுதாக ஓயாத நேரத்தில்.

இந்தக் காலத்தைக் கடக்க நம் வீடுகளில் ஒரு பழைய உத்தி உண்டு. "அங்க பாரு காக்கா" என்று பாட்டி குழந்தையை ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போவார். அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வெளியேறிவிடுவார். அழுகை இல்லாமல் காரியம் முடிந்ததாகத் தோன்றும். கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போவாள் என்பதைத்தான் அன்று குழந்தை கற்றுக்கொண்டது. மறுநாளிலிருந்து அது கண்ணை எடுக்காது. சமையலறையில் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். குளியலறைக் கதவைத் தட்டித் தட்டி அழும்.

சொல்லிவிட்டுப் போனால் அழத்தான் செய்யும். அழட்டும். "அம்மா ஆபீஸ் போறேன், நீ தூங்கி எழுந்து பால் குடிக்கிறப்ப வந்துடுவேன்" என்று சொல்லி, சொன்னபடி வந்து நிற்க வேண்டும். கடிகாரம் பார்க்கத் தெரியாத வயதில் நாலு மணி, ஐந்து மணியெல்லாம் உதவாது. பால், தூக்கம், விளக்கேற்றுவது என்று அதற்குத் தெரிந்த பொழுதுகளைச் சொல்ல வேண்டும். விடைபெறுவது சுருக்கமாகவும் ஒரே தடவையாகவும் இருக்கட்டும். அழுகையைக் கேட்டு மூன்று முறை படியேறித் திரும்பி வந்தால், நாலாவது முறைக்காக இன்னும் உரக்க அழச் சொல்லிக் கொடுத்தது போலாகிவிடும். முக்கியமாக, வருகிறேன் என்று சொன்ன நேரத்தைத் தவறவிடாதீர்கள். ஆரம்ப வாரங்களில் அதைவிடப் பெரிய மருந்து இல்லை.

"ரெண்டு நாள் அழுவான், அப்புறம் பழகிடும்" என்ற ஆறுதலை மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையோடு கேட்க வேண்டும். ஏன் என்பதற்கு ஒரு திரைப்படத்தின் கதை இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லண்டனில் ஆனா ஃப்ராய்ட் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலனுக்குக் கரி போடும் வேலையில் இருந்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அங்கே என்ன வேலை பார்ப்பவராக இருந்தாலும் குழந்தைகளிடம் கண்டதை அட்டையில் எழுதித் தர வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்க்கப் பழகிய கண்ணோடு, 1948இல் டாவிஸ்டாக் கிளினிக்கில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியிடம் அவர் வேலைக்குச் சேர்ந்தார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளைக் கவனிப்பதுதான் வேலை. அன்றைய லண்டன் மருத்துவமனைகளில் பெற்றோருக்கு அநேகமாக அனுமதி கிடையாது. செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் மாதம் பார்க்கவே முடியாது. இரவு ஏழிலிருந்து எட்டு மணிக்குள் வந்தால் தூங்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம். அம்மா வந்தால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் சமர்த்தாக இருக்கிறது என்பது செவிலியர்களின் அனுபவ ஞானம்.

அந்தச் சமர்த்தைத்தான் ராபர்ட்சன் சந்தேகித்தார். எத்தனையோ குழந்தைகளைப் பார்த்தபின் அவருக்கு ஒரு வரிசை புலப்பட்டது. முதலில் அழுது, உதைத்து, கதவைப் பார்த்துப் பார்த்து எதிர்ப்பது. அடுத்து நம்பிக்கை இழந்து ஒடுங்கிப்போவது. கடைசியில் எதுவுமே வேண்டாதது போல விலகிப்போவது. மூன்றாவது கட்டத்தில் குழந்தை யாரிடமும் சிரிக்கும், கொடுத்ததைச் சாப்பிடும். வார்டில் அதற்குப் பெயர் 'பழகிவிட்டது'. ராபர்ட்சன் சொன்னதை மருத்துவர்கள் நம்பவில்லை. அதனால் ஒரு கேமராவை வாங்கினார். காத்திருப்போர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்தார். தொப்புள் குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் தங்க வந்த லாரா என்ற அந்தச் சிறுமிக்கு இரண்டு வயது ஐந்து மாதம். தனக்கு வேண்டிய காட்சிகளை மட்டும் பொறுக்கி எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, தினமும் குறித்த நேரத்தில், சுவர்க் கடிகாரம் தெரியும்படி படம் பிடித்தார்.

லாரா அதிகம் அழாத குழந்தை. அதுதான் படத்தின் பலம். உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு, பொம்மையை இறுக்கிக்கொண்டு, நடுநடுவே அம்மா எங்கே என்று கேட்பாள். வீட்டுக்குப் புறப்படும் நாளில் அம்மா நீட்டிய கையைப் பிடிக்காமல் தனியாக நடந்து போவாள். 1952இல் லண்டனில் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசின் அரங்கில் படம் காட்டப்பட்டபோது மருத்துவர்கள் கொதித்தார்கள். தங்கள் தொழிலை அவமதிக்கிறார் என்றார்கள். ஆனாலும் படம் வேலை செய்தது. 1959இல் வந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம், சின்னக் குழந்தைகளோடு தாய் தங்க வழி செய்ய வேண்டும் என்று அரசுக்கே பரிந்துரைத்தது. நம்மூர் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் அம்மாக்களைப் பார்க்கும்போதெல்லாம், ஆயிரம் குறைகளுக்கு நடுவில் இந்த ஒன்றை நாம் சரியாகச் செய்கிறோம் என்று எனக்குத் தோன்றும்.

பள்ளி என்பது நாளுக்குச் சில மணி நேரப் பிரிவுதான். மருத்துவமனையோடு ஒப்பிட முடியாது. பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களில் உண்மையாகவே பழகிவிடுகிறார்கள். எது உண்மையான பழக்கம் என்பது சாயங்காலம் தெரியும். ஓடிவந்து கட்டிக்கொள்கிற பிள்ளை, ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று அடிக்கிற பிள்ளை, இரண்டும் பழகிக்கொண்டிருக்கின்றன. நாளெல்லாம் விளையாடாமல், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல், கூப்பிட வந்தவரைக் கண்டும் முகம் மாறாமல் இருக்கிற பிள்ளையைத்தான் நாம் கவனிக்க வேண்டும். முதல் வாரம் பெற்றோரை வகுப்புக்குள் உட்கார விட்டு, அடுத்த வாரம் வராந்தாவுக்கு நகர்த்தி, அரை நாளிலிருந்து முழு நாளுக்குப் போனால் என்ன குறைந்துவிடும்? பத்துப் பைசா செலவில்லாத காரியம். ஒழுங்கு கெட்டுவிடும் என்று அஞ்சி முதல் நாளே கேட்டை இழுத்துச் சாத்துகிற பள்ளிகள், அந்த ஒழுங்குக்காகப் பிள்ளைகளிடமிருந்து வாங்கும் விலை மிக அதிகம்.

இயல்பான பதற்றம் எப்போது கோளாறாகிறது? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு எட்டு அறிகுறிகளைச் சொல்கிறது. பிரியும்போது அளவு மீறிய தவிப்பு, நெருங்கியவர் இறந்துவிடுவாரோ என்ற ஓயாத கவலை, தொலைந்துபோவோமோ கடத்தப்படுவோமோ என்ற பயம், வெளியே போக மறுப்பு, தனியே இருக்க முடியாமை, தனியே தூங்க மறுப்பு, பிரிவு பற்றிய கெட்ட கனவுகள், உடல் உபாதைகள். இவற்றில் மூன்று அறிகுறிகளாவது இருந்து, பிள்ளைகளிடம் குறைந்தது 4 வாரமும், பெரியவர்களிடம் பொதுவாக 6 மாதத்துக்கு மேலும் நீடித்து, படிப்பையோ வேலையையோ குலைத்தால் அது கோளாறு. 'தனியே தூங்க மறுப்பு' என்பதை மட்டும் நம் வீடுகளில் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்து வயது வரை பாட்டி பக்கத்தில் படுப்பது இங்கே வாழ்க்கை முறை. கூடத்தில் எல்லாரும் வரிசையாகப் படுக்கிற குடும்பத்தில், நடுராத்திரி நாலு தடவை எழுந்து அம்மாவின் மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கைவைத்துப் பார்க்கிற பிள்ளைதான் நோயாளி.

ஏன் சிலருக்கு மட்டும்? பிறவியிலேயே கூச்சமும் எச்சரிக்கையும் கொண்ட சுபாவம் ஒரு காரணம். பரம்பரைக்கும் பங்குண்டு. வீட்டில் ஒரு சாவு, நீண்ட மருத்துவமனை வாசம், அப்பா அம்மா சண்டை, ஊர் மாற்றம், தம்பி தங்கை பிறப்பு, இவற்றில் ஒன்று திரியைப் பற்றவைக்கும். "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்று அம்மாவின் தலையில் கட்டுவது நம் வழக்கம். ஆனால், பௌல்பியோடு வேலை செய்த உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த், 1950களின் நடுவில் உகாண்டாவின் கிராமங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் பல மாதம் கூடவே இருந்து கவனித்தார். தன் தேவைக்குத் தாய் செவிசாய்ப்பாள் என்று உறுதியான குழந்தைதான் தாயை விட்டுத் தவழ்ந்து போய் உலகத்தைத் துருவிப் பார்க்கிறது என்பது அவர் கண்டது. மடியில் இடம் உண்டு என்று தெரிந்த பிள்ளைதான் துணிந்து மடியை விட்டு இறங்கும்.

பயந்த கோளாறு என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப் போகிறோம். கோயிலோ தர்காவோ, அந்த அரவணைப்பில் பிள்ளைக்கும் வீட்டாருக்கும் ஒரு தெம்பு கிடைப்பது உண்மை. தாயத்து கட்டிய பிறகும் நான்கு வாரத்துக்கு மேல் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் இருந்தால் நேரத்தை வீணாக்கக் கூடாது. பள்ளியிலிருந்து விலகியிருக்கும் ஒவ்வொரு நாளும் திரும்பிப் போவதைக் கடினமாக்கும். வீட்டில் இருக்கும் நிம்மதியே பயத்துக்குத் தீனியாகிவிடும்.

சிகிச்சையின் மையம், பயத்தைச் சிறு சிறு அளவில் சந்திக்க வைப்பது. கிராமத்துக் கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழக்குவார்களே, அதே முறை. தள்ளிவிட்டுவிட்டுப் போவதும் இல்லை, காலம் முழுக்கப் படியிலேயே உட்கார வைப்பதும் இல்லை. அம்மா மொட்டை மாடிக்குப் போய் ஐந்து நிமிடம் கழித்து வருவாள். பிறகு தெருமுனைக் கடை. பிறகு அத்தை வீட்டில் ஒரு மணி நேரம். பிறகு பள்ளியில் முதல் இரண்டு பீரியடு. எந்தப் படிக்கு எப்போது போவது என்பதைப் பிள்ளையும் சேர்ந்து முடிவு செய்யும். அடுத்த படிக்கு அவசரம் இல்லை. ஏறிய படியிலிருந்து இறங்குவது மட்டும் கூடாது. கூடவே, 'அம்மா போனை எடுக்கலைன்னா விபத்து' என்கிற மாதிரி எண்ணங்களைப் பிடித்து, வேறு என்ன காரணங்கள் இருக்கலாம் என்று ஆராயச் சொல்லிக் கொடுப்பார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி என்பது இதுதான்.

இதன் பலனை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் பிரிவுப் பதற்றமும் அதைச் சேர்ந்த பதற்றக் கோளாறுகளும் உள்ள 488 பிள்ளைகளை 12 வாரம் கவனித்தார்கள். சிபிடி மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் நன்றாகத் தேறினார்கள். செர்ட்ராலின் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம். இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 81 சதவீதம். மருந்தே இல்லாத போலி மாத்திரை தரப்பட்டவர்களில் 24 சதவீதம். பிள்ளைக்கு மனநோய் மாத்திரையா என்று பெற்றோர் மிரள்வது புரிகிறது. லேசான நிலையில் மாத்திரை தேவைப்படாது. பயம் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டிப் போட்டுவிட்ட நிலையில் அது கைகொடுக்கும். தொடங்கிய முதல் வாரங்களில் மருத்துவரின் கண்காணிப்பு கட்டாயம் வேண்டும்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இன்னொரு வழி. யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் வகுத்த சிகிச்சையில் பிள்ளை வர வேண்டியதே இல்லை. பெற்றோர் மட்டும் வந்தால் போதும். பதறுகிற பிள்ளைக்காக வீடு மெல்ல மெல்ல வளைந்துவிடுகிறது. அம்மா வேலையை விடுகிறாள். அப்பா வேறு அறையில் படுக்கிறார். உறவினர் கல்யாணத்துக்கு யாரும் போவதில்லை. ஒரே கேள்விக்கு நூறு தடவை "ஒண்ணும் ஆகாதுடா கண்ணு" என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் அன்பால் செய்வது. ஒவ்வொன்றும் பயத்துக்கு இடம் விடுவது. இந்த வளைவுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தவும், "உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது. உன்னால தாங்க முடியும்னும் எனக்குத் தெரியும்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லவும் பெற்றோருக்குப் பயிற்சி தருகிறார்கள். 124 பிள்ளைகளை வைத்து நடந்து 2020இல் வெளியான ஆய்வில், இது பிள்ளைக்கே நேரடியாகத் தரும் சிபிடிக்குச் சளைத்ததாக இல்லை.

இனி, யாரும் பேசாத பாதி.

பெரியவர்களுக்கும் இது வரும். கணவர் அலுவலகம் கிளம்பிய பத்து நிமிடத்தில் முதல் போன். பஸ் ஏறியாச்சா, இறங்கியாச்சா, சாப்பிட்டாச்சா. எடுக்காவிட்டால் நெஞ்சு படபடக்கும். விபத்துச் செய்திகளைத் தேடும் விரல். "என்னங்க, ஒரு போனை எடுத்தா என்ன?" என்ற கோபத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் அச்சம், வீட்டில் அதைச் சந்தேகப் புத்தி என்பார்கள். பதவி உயர்வோடு வந்த இடமாற்றத்தை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிற மகன், விடுதிக்குப் போன மகளின் அறையில் படுத்து அழுது, வாரம் முடியுமுன் அவளைத் திரும்பக் கூட்டிவந்துவிடுகிற தாய், இவர்களைப் பாசக்காரர்கள் என்று ஊர் மெச்சும். அந்தப் பாராட்டு மருத்துவரிடம் போகும் வழியை அடைத்துவிடுகிறது.

மருத்துவமும் வெகுகாலம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. பதினெட்டு வயதுக்குள் தொடங்கினால்தான் பிரிவுப் பதற்றக் கோளாறு என்று விதி வைத்திருந்தார்கள். பெரியவர்களுக்கென்று தனியாக இது உண்டா என்று 1997இல் ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதிக் கேட்டவர்கள் விஜயா மாணிக்கவாசகரும் டெரிக் சிலோவும். 2013இல் வந்த டிஎஸ்எம்-5 அந்த வயது வரம்பை நீக்கியது. 18 நாடுகளின் தகவலை வைத்து சிலோவும் மற்றவர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாழ்நாளில் எப்போதாவது இதற்கு ஆளாகிறவர்கள் 4.8 சதவீதம், அவர்களில் 43 சதவீதம் பேருக்கு இது 18 வயதுக்குப் பிறகுதான் தொடங்கியிருந்தது.

சிலோவின் பெயர் ஈழத்தமிழரோடு சேர்த்தும் நினைக்கத்தக்கது. ஆஸ்திரேலியாவில் தஞ்சம் கேட்டு வந்த தமிழர்களின் மனநிலையை 1990களில் ஆராய்ந்த குழுவில் அவரும் இருந்தார். போரையும் காணாமல் ஆக்கப்படுவதையும் கண்ட ஒரு வீட்டில், மகன் அரை மணி தாமதித்தால் தாய் நிலைகுலைவதைக் கோளாறு என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. அந்தப் பயத்துக்கு நடந்த சரித்திரம் இருக்கிறது. அந்தத் தாய்க்கு மருத்துவம் தேவைதான். அதற்கு முன் தொலைந்தவர்களைப் பற்றிய பதில் தேவை.

பெரியவர்களுக்கான சிகிச்சையும் அதே திசைதான். போனில் சரிபார்ப்பதைப் படிப்படியாகக் குறைப்பது: பத்து அழைப்புகள் ஐந்தாகி, ஐந்து இரண்டாகும். அடிக்கத் தோன்றும்போது இருபது நிமிடம் தள்ளிப்போட்டு, பதற்றம் தானாக இறங்குவதைக் கவனிப்பது. கணவரோ மகளோ இந்த ஏற்பாட்டில் கூட இருப்பது அவசியம். எரிந்து விழாமல், ஒத்துக்கொண்ட நேரத்தில் தவறாமல் பேச வேண்டும். செர்ட்ராலின் வகை மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். தேறிய பிறகும் சில மாதம் தொடர்ந்து, மருத்துவர் சொல்லும்போது மெல்லக் குறைப்பார்கள். அல்பிரசோலம் போல உடனே அடக்குகிற மாத்திரைகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பழகிவிடாதீர்கள். அவை அடிமைப்படுத்தும்.

14416 என்ற எண்ணை அழைத்தால் டெலி மானஸ் சேவையில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. போகும்போது, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வலி வந்தது, யார் வெளியே கிளம்பினார்கள், எப்போது தணிந்தது என்று இரண்டு வாரத்துக்குக் குறித்த ஒரு தாளைக் கொண்டுபோங்கள்.

கடைக்குப் போகிறோம் என்று சொல்லிப் பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டாம். மனசுக்குப் பார்க்கிற டாக்டர், ஊசி போட மாட்டார், பேசுவார் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சிறிது நேரம் வெளியே இருக்கச் சொல்வார் என்பதையும், கதவுக்கு எதிரே உள்ள பெஞ்சில் இருப்பேன் என்பதையும் சொல்லுங்கள். கதவு மறுபடி திறக்கும் வரை அந்த பெஞ்சிலேயே இருங்கள். டீ குடிக்கக்கூட எழுந்து போக வேண்டாம்.